வனமோகினி டாக்கீஸில் நரி அழுத கதை

ஒரு காட்டில் ஒரு சினிமா தியேட்டர் இருந்தது. சிரிக்காதீர்கள். காட்டில் மிருகங்கள் பேசும், ராஜ்யம் ஆளும், வழக்குத் தீர்க்கும் என்றெல்லாம் சொன்னால் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறீர்கள். தியேட்டர் என்றதும் மட்டும் சந்தேகம் வந்துவிடுகிறது. இருந்தது என்றால் இருந்தது. பெயர் வனமோகினி டாக்கீஸ். பலகைச் சுவர், தகரக் கூரை, மடக்கு நாற்காலிகள், திரைக்குக் கீழே அகலமாக ஒரு மரமேடை, வாசலில் ஒரு கேன்டீன்.

அதை நடத்தி வந்தவள் தேனம்மை என்கிற கரடி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "அதான் இந்தத் தியேட்டரைக் கட்டிக்கிட்டு அழறேனே, போதாதா?" என்பாள். டிக்கெட் கிழிப்பது, தேன்மிட்டாய் விற்பது, நாற்காலிக்கு அடியில் தூங்குகிற முயலை எழுப்பி அனுப்புவது எல்லாம் அவள்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஓட்டை அடைப்பது. காட்டிலிருக்கும் மரங்கொத்திகளுக்கு அந்தப் பலகைச் சுவர் என்றால் உயிர். கொத்திக் கொத்திச் சல்லடையாக்கி வைத்திருந்தன. பகல் காட்சியில் ஓட்டை வழியே வெயில் உள்ளே பாய்ந்தால் திரையில் கதாநாயகிக்கு அம்மை போட்டதுபோலத் தெரியும். அதனால் தினமும் தேன்மெழுகை உருட்டி உருட்டி ஒவ்வோர் ஓட்டையாக அடைப்பாள். மறுநாள் காலையில் மரங்கொத்திகள் வந்து புதிதாகப் போட்டுவிட்டுப் போகும்.

இவ்வளவு பாடுபட்டும் கூட்டம் இல்லை. காட்டில் ஆளுக்கொரு போன் வந்துவிட்டது. குரங்குகள் கிளையில் தொங்கிக்கொண்டே படம் பார்த்தன, அதுவும் ஒரு பாட்டை முழுசாகப் பார்க்கப் பொறுமையில்லாமல் தள்ளித் தள்ளி. ஆமைகூட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் வந்தது ஒரே ஒரு ஆள். ஜம்புலிங்கம் என்கிற நரி. மதியக் காட்சிக்கு மணி அடிக்கும்போது வருவான், டிக்கெட் வாங்குவான், நாலாவது வரிசையில் ஓரமாக உட்காருவான். படம் முடிந்து பெயர்கள் எல்லாம் ஓடி, திரை வெள்ளையான பிறகுதான் எழுந்திருப்பான். போகும்போது, "நல்லா இருந்தது தங்கச்சி" என்பான். அவ்வளவுதான்.

இதைக் காட்டில் யாரும் நம்பவில்லை. "நரி சும்மா ஒரு இடத்துல மூணு மணி நேரம் உட்காருமா? ஏதோ திட்டம் இருக்கு" என்றார்கள். தேனம்மையை மயக்கித் தியேட்டரை எழுதி வாங்கப் போகிறான் என்றது ஒரு கூட்டம். திரைக்குப் பின்னால் கோழி வளர்க்கிறான் என்றது இன்னொரு கூட்டம். நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். நரி என்று சொன்னவுடனே உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேனே! ஒரு திட்டமும் இல்லை. அவனுக்கு சினிமா பிடிக்கும். அந்தக் காட்டிலேயே சூதுவாது தெரியாத பிராணி அவன் ஒருத்தன்தான்.

ஒருநாள் காட்டுப் பஞ்சாயத்துத் தலைவர் கொம்பையா வந்தார். காட்டெருமை. வாசல் கதவு பாதிதான் திறந்திருந்தது, அதனால் தலையை மட்டும் உள்ளே விட்டுப் பேசினார்.

"ஏம்மா தேனம்மை, இது பொறம்போக்கு நிலம். பொது உபயோகம்னு சொல்லித்தான் உங்கப்பாவுக்குக் கொடுத்தோம். பொது எங்கம்மா? உபயோகம் எங்கம்மா? ஒத்த நரி உட்கார்ந்திருக்கு."

"நல்ல படமாத்தான் போடறேன் தலைவரே."

"நல்ல படம் போட்டா எவன் வருவான்? இந்தா பாரு, மழைக்கு முன்னாடி ஒரே ஒரு காட்சி, ஒரு நாற்காலிகூடக் காலியில்லாம ஓட்டிக் காட்டு. இல்லேன்னா கல்யாண மண்டபம். என் மச்சினன் பிளானே போட்டுட்டான். திரை இருக்கிற இடத்துல மணவறை, ஆபரேட்டர் ரூம்ல சாம்பார்."

அவர் தலையை வெளியே எடுத்துக்கொண்டு போன பிறகு தேனம்மை டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அந்தத் தியேட்டரை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை, வேறு ஆசையும் இல்லை. ஆபரேட்டராக இருந்த ஆந்தை மேலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"அழாதீங்கக்கா. சிறப்புக் காட்சி போட்டுப் பார்ப்போம். பட்டணத்துல அப்படித்தானாம். தாய்மாருக்குத் தனிக் காட்சி, பெரியவங்களுக்குத் தனிக் காட்சி, படத்தைப் பத்திப் பேச ஒரு கூட்டம், நடுவுல டீ."

"எந்தப் படம் போடறது?"

"உங்களுக்குப் பிடிச்ச படத்தையே போடுங்க."

தேனம்மைக்குப் பிடித்த படம் 'எறும்பு தாண்டிய ஆறு'. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன மகளைத் தேடி ஒரு தாய் எறும்பு ஆற்றைத் தாண்டுகிற கதை. கடைசியில் கண்டுபிடித்துவிடுகிறாள். ஆனால் ஆற்றுத் தண்ணீரில் தாயின் வாசனை போய்விட்டதால் மகளுக்கு அடையாளம் தெரியவில்லை. எறும்புக்கு வாசனைதானே எல்லாம்? அந்த இடம் வரும்போதெல்லாம் ஜம்புலிங்கம் முன்காலால் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்புவான். இந்தப் படத்தைக் காடே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அப்புறம் தியேட்டர் போனாலும் போகட்டும் என்று தேனம்மை நினைத்தாள். சும்மா ஒரு பேச்சுக்கு அப்படி நினைத்தாள். தியேட்டர் போகக் கூடாது என்பதுதான் நிஜம்.

முதலில் தாய்மார் காட்சி. குட்டிகள் பயப்படாமல் இருக்கப் பாதி விளக்கு, பாதிச் சத்தம். காட்டுப்பன்றி பேச்சியம்மாள் தன் பரிவாரத்தோடு வந்தாள். முயல், மான், கீரி என்று நாலைந்து தாய்மார்கள் வந்தார்கள். ஜம்புலிங்கமும் வந்தான்.

"இது தாய்மார் காட்சிண்ணே" என்றாள் தேனம்மை.

"படம் அதேதானே தங்கச்சி?"

ஓரமாக உட்காரச் சொன்னாள். முயல்கள் எல்லாம் குட்டிகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அவனையே முறைத்தன. அவன் ஒருமுறை மட்டும் திரும்பி, "கொஞ்சம் சத்தம் போடாம இருக்கச் சொல்லுங்கம்மா, வசனம் கேக்கலை" என்றான். அதற்கு ஒரு முயலுக்கு மயக்கமே வந்துவிட்டது.

படம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் தாய்மார்கள் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். பெற்றதிலிருந்து கண் மூடாதவர்கள், என்ன செய்வார்கள் பாவம். பன்றிக்குட்டிகள் மண்தரையைக் கிண்டிக் கிழங்கு தேடின. வெள்ளம் வருகிற காட்சியில் இடி இடித்ததும் பேச்சியம்மாள் விழித்துக்கொண்டு, "எவடி அவ, தூங்கற நேரத்துல பாத்திரத்தை உருட்டறது?" என்று கத்தினாள். ஆனால் போகும்போது தேனம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப அருமையான படம்மா. கல்யாணமானதுலேர்ந்து இப்படித் தூங்கினதில்லை. அடுத்த வாரம் படம் இல்லாமப் போடு, இன்னும் நல்லா இருக்கும்" என்றாள்.

யாரோ ஒருத்தி கையைப் பிடித்து நல்ல வார்த்தை சொன்னதில் தேனம்மைக்கு மனசு நிறைந்துபோயிற்று. அங்கேதான் ஒரு தப்பு செய்தாள். உள்ளே ஓடி, அப்பா காலத்து மஞ்சள் சால்வை ஒன்றை எடுத்து வந்து, வந்தவர்களில் மூத்தவள் என்று பேச்சியம்மாளுக்குப் போர்த்திவிட்டாள். ஆந்தை அதைப் போட்டோ எடுத்துக் காட்டு மிருகங்கள் எல்லாம் இருக்கிற குழுவில் போட்டுவிட்டது. அந்தத் தப்பு என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து மூத்தோர் காட்சி. யானைகள் வந்தன. ஒரு யானை உட்கார்ந்தால் பின்னால் நாலு வரிசைக்கு ஒன்றும் தெரியாது, அது போகட்டும். யானைகளுக்கு ஒருதடவை பார்த்தது மறக்காது. சின்ன வயசில் பார்த்த படம்தானாம். "இப்ப காத்து வீசும் பாரு." "இப்ப இலை கவிழும் பாரு." "மகளுக்கு அடையாளம் தெரியாது, வீணா அலையுது இந்த அம்மா." ஜம்புலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா, நான் பார்த்துக்கறேங்கய்யா" என்றான். "தம்பிக்கு முடிவு தெரியாதுபோல இருக்கு" என்று யானைகள் அவனுக்கு முடிவையும் சொல்லின.

பிறகு திரைப்படச் சுவைஞர் வட்டம். இதற்குத் தலைவர் கொக்கு கோதண்டம். கொக்கு ஒற்றைக் காலில் நின்று எறும்பு சினிமாவின் அழகியலைப் பற்றிப் பேசியது. கால் மாற்றும்போதெல்லாம் பேச்சு முடிந்துவிட்டதென்று எல்லாரும் கைதட்டினார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கொக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. கடைசியில் ஜம்புலிங்கம் எழுந்து, "ஐயா படம் பார்த்தீங்களா?" என்று கேட்டான்.

"பார்த்தால் கருத்து பாதிக்கப்படும்" என்றது கொக்கு.

எந்தக் காட்சியிலும் பாதி நாற்காலிகூட நிறையவில்லை. மேற்கே மேகம் கறுக்க ஆரம்பித்துவிட்டது. கொம்பையாவின் மச்சினன் ஒருநாள் கயிற்றோடு வந்து சுவரை அளந்துவிட்டுப் போனான்.

இப்போது அந்தச் சால்வைக்கு வருவோம். போட்டோ வெளியான மறுநாள் காலையிலேயே மயில் வந்து நின்றது. "நான் தேசிய அளவுல மதிப்புள்ளவள். எனக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது. சேத்துல புரள்ற பன்னிக்குச் சால்வையா?" மயில் போனதும் மான். மான் போனதும் கீரி. கீரிக்குப் போர்த்தினால் எனக்கும் போர்த்த வேண்டும் என்று பாம்பு. பாம்புக்கு எந்த இடத்தில் போர்த்துவது என்று தேனம்மை குழம்பிப் போனாள். படம் பார்க்க ஒரு நாள்கூட வராத காடு, சால்வைக்கு வரிசையில் நிற்கிறது.

ஆந்தை கண்ணை உருட்டியது. "அக்கா, விழா எடுங்க. வனமோகினி குடும்ப விழா. எல்லார் பேரையும் அழைப்பிதழ்ல போடுங்க. வந்து உட்காரட்டும். உட்கார்ந்த பிறகு படத்தைப் போட்டுருவோம்."

போட்டாள். தலைமை கொம்பையா. வரவேற்புரை மயில். வாழ்த்துரை கொக்கு. நன்றியுரை தேனம்மை. மிச்சமிருந்த காடு முழுவதும் 'முன்னிலை'. நத்தை பெயர்கூட விட்டுப்போகவில்லை. தன் பெயருக்கு மேலே யார் பெயர் இருக்கிறது, யார் எழுத்து எவ்வளவு பெரிசு என்று அளந்து பார்த்து இரண்டு காட்டுப்பூனைகள் சண்டை போட்டுக்கொண்டன. ஜம்புலிங்கத்தின் பெயர் மட்டும் இல்லை. அவன் கேட்கவும் இல்லை. வழக்கம்போல டிக்கெட் வாங்கிக்கொண்டு நாலாவது வரிசையில் உட்கார்ந்தான்.

விழா அன்றைக்குக் காடே திரண்டு வந்தது. தேனம்மைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கூத்தைக் கேளுங்கள். உள்ளே வந்த மிருகம் ஒவ்வொன்றும் நேராக மேடைக்குப் போனது. முன்னிலை என்றால் மேடையில்தானே உட்கார வேண்டும்? கீழே உட்கார்ந்தால் மரியாதை என்னாவது? மேடையில் போட்ட நாற்காலிகள் தீர்ந்துபோயின. கீழேயிருந்து ஒரு வரிசையைத் தூக்கி மேலே போட்டார்கள். அதுவும் தீர்ந்தது. இன்னொரு வரிசை. மான் கூட்டம் வந்தது, இன்னும் இரண்டு வரிசை. இப்படியே தூக்கித் தூக்கி, கடைசியில் கீழே இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் ஜம்புலிங்கம் உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திருப்பா, நத்தைக்கு நாற்காலி வேணும்" என்றார்கள்.

"நான் டிக்கெட் வாங்கியிருக்கேன்" என்றான் அவன். நத்தையைப் பேச்சியம்மாள் மடியில் வைத்துக்கொண்டாள்.

மயில் வரவேற்றது. கொக்கு வாழ்த்தியது, கால் மாற்றி மாற்றி வாழ்த்தியது. இருந்த ஒரே சால்வையைப் போர்த்துவதும், பின்பக்கமாகக் கழற்றி வாங்கி அடுத்தவருக்குப் போர்த்துவதுமாகத் தேனம்மைக்கு முதுகு ஒடிந்தது. முள்ளம்பன்றிக்குப் போர்த்தியதோடு அந்த வேலையும் முடிந்தது. சால்வை குத்திக்கொண்டு திரும்பி வரவேயில்லை. முள்ளம்பன்றிக்குப் பிறகு வர வேண்டியவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். தகரக் கூரைமேல் தொலைவில் இடி உருண்டது.

கொம்பையா தலைமையுரைக்கு எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். எதிரே பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு விஷயம் புரிந்தது.

"எங்கேம்மா கூட்டம்?"

எல்லாரும் எதிரே பார்த்தார்கள். காலி மண்டபம். ஓரத்தில் ஒரு நரி.

"ஒத்த நரிக்காகவா நாங்கள்லாம் பேசினோம்? முடிஞ்சதும்மா. மழை நாளைக்கு வந்துரும். மச்சினன்கிட்ட சாமான் இறக்கச் சொல்லிடறேன்."

தேனம்மை மேடை ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"தலைவரே, காலி நாற்காலி ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்."

கொம்பையா தேடினார். கீழே இருந்த ஒரே நாற்காலியில் நரி. மேலே எல்லாவற்றிலும் ஆள். ஒன்றுகூடக் காலியில்லை.

"அட, இவங்க மேடையில இல்ல உட்கார்ந்திருக்காங்க? பார்க்கிறதுக்கு வந்தாதானே காட்சி? இவங்க எதைப் பார்க்கறாங்க?"

அந்த நேரம் பார்த்து ஆந்தை படத்தைப் போட்டுவிட்டது. பேச்சைக் கேட்டுக் கேட்டு அதுக்குத் தலைவலி. விளக்கு அணைந்தது. மேடையில் இருந்தவர்கள் தலைக்கு மேலே திரையில் எறும்பு நடக்க ஆரம்பித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நாற்காலி போய்விடும் என்று பயம். அதனால் எதிரே இருந்ததைப் பார்த்தார்கள். எதிரே இருந்தது நரி.

நரி முதலில் சிரித்தான். "எதுக்குச் சிரிக்குது?" என்று கொம்பையா பக்கத்திலிருந்த மானைக் கேட்டார். அப்புறம் நரி காதை விறைத்துக்கொண்டு நாற்காலி நுனிக்கு வந்தான். மேடை முழுவதும் நாற்காலி நுனிக்கு வந்தது. போனைத் தொடாமல், கொட்டாவி விடாமல், ஒரு பிராணி இவ்வளவு நேரம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருப்பதை அந்தக் காட்டில் யாரும் பார்த்ததேயில்லை. தாய் எறும்பு மகளைக் கண்டுபிடிக்கிற இடம் வந்தது. ஜம்புலிங்கம் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினான்.

"ஐயோ பாவமே, நரிக்கும் அழுகை வருமா!" என்று பேச்சியம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். நத்தை அவள் மடியிலேயே உருகியது. யானைகளுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியவில்லை, அதனால் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தன.

படம் முடிந்தது. மேடை எழுந்து நின்று கைதட்டியது. ஜம்புலிங்கமும் எழுந்து கைதட்டினான். படத்துக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டான். தேனம்மையிடம் ஓடி வந்தான், முகமெல்லாம் நனைந்திருந்தது.

"கடைசியில காட்டுக்கே புரிஞ்சிருச்சு தங்கச்சி!"

தேனம்மைக்குச் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாண்ணே" என்றாள்.

கொம்பையா வாசலில் காத்திருந்தார். "தினமும் அந்த நரி வருமா?"

"வருவார்."

"அப்ப தியேட்டர் இருக்கட்டும். இப்படியே ஓடினா தியேட்டர், ஓடலேன்னா மண்டபம்."

ஓடியது. சும்மா சொல்லக் கூடாது, கொடி கட்டி ஓடியது. தினமும் காடு மேடையில் போய் உட்கார்ந்தது. புரொஜெக்டர் வெளிச்சம் கண்ணைக் கூசியதால் கேன்டீனில் கறுப்புக் கண்ணாடி விற்க ஆரம்பித்தாள் தேனம்மை. 'ஏன் எல்லாரும் அந்தப் பக்கமா உட்கார்றாங்க?' என்று ஜம்புலிங்கம் ஒருநாள் கேட்டான். "விழா வழக்கம்ணே, மாத்த முடியலை" என்று சமாளித்தாள். கொக்கு கோதண்டம், "நரியின் இரண்டாம் பாதி அழுகையில் யதார்த்தம் குறைவு" என்று ஒரு கூட்டம் போட்டுப் பேசியது. அதுவாவது நரியைப் பார்த்துவிட்டுப் பேசியது, அது ஒரு முன்னேற்றம்.

இந்தக் கதை ராஜா காதுக்கும் போயிற்று. சிங்கம் பரிவாரத்தோடு வந்து மேடை நடுவில் உட்கார்ந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டது. படம் ஓடியது. பாதிப் படம்கூட ஆகவில்லை, சிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் வந்திருக்கேன்ல? அழச் சொல்லுய்யா."

"அழு!" என்று கொம்பையா கத்தினார்.

"இப்ப இல்லை, ஆறு வரணும்" என்று மேடையின் பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள்.

ஜம்புலிங்கம் அப்போதுதான் திரையிலிருந்து கண்ணை இறக்கினான். யாரைச் சொல்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாருமில்லை. மேடையைப் பார்த்தான். கறுப்புக் கண்ணாடி ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி நரி உட்கார்ந்திருந்தான்.

ஆறு வந்தது. தாய் எறும்பு வந்தாள். மகளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஜம்புலிங்கத்துக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எழுந்து, நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போய்விட்டான். "காசைத் திருப்பிக் கொடு" என்று மேடை கத்தியது. ராஜா போகிற போக்கில் கண்ணாடியைத் திருடிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நரி வரவில்லை, அதனால் காடும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். தேனம்மை ஒரு பொட்டலம் தேன்மிட்டாயோடு நரியின் வளைக்குப் போனாள்.

"என்னை மன்னிச்சிருங்கண்ணே. தியேட்டரை விட எனக்கு மனசு வரலை, அதான் மறைச்சேன்."

ஜம்புலிங்கம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"நான் ரொம்ப நாளா தனியாத்தான் பார்த்தேன் தங்கச்சி. அப்ப ஒண்ணும் தெரியலை. இப்ப அழுகை வரும்போதே என் வால் எப்படி இருக்குன்னு யோசனை வருது. அந்தத் தாயைப் பார்க்கவே முடியலை."

"நாளைக்கு வாங்க. உங்களுக்கு மட்டும் போடறேன். உள்ளே ஒரு ஈ காக்கா வராது. எங்கப்பா மேல சத்தியம்."

அவள் அதை மனசாரத்தான் சொன்னாள். என்னை நம்புங்கள். மறுநாள் மதியம், நரி உள்ளே போய் உட்கார்ந்ததும் வாசலைப் பூட்டினாள். மெழுகை உருட்டிக்கொண்டு சுவரோரமாகப் போய் ஓட்டைகளை ஒன்றொன்றாக அடைத்துக்கொண்டே வந்தாள். பாதிச் சுவர் முடிந்திருக்கும். நிமிர்ந்து பார்த்தால் கொம்பையா நிற்கிறார். அவர் பின்னால் காடு நிற்கிறது.

"நரி வந்துருச்சாமே? டிக்கெட் குடு."

"இன்னிக்கு யாருக்கும் கிடையாது. சத்தியம் பண்ணியிருக்கேன். உள்ளே யாரும் போகக் கூடாது."

"சரி, நாங்க போகலை." கொம்பையா மேகத்தைப் பார்த்தார். "மச்சினா, சாமானை இறக்கு."

மச்சினன் வண்டியிலிருந்து மணவறைத் தூணை இறக்கினான். அதில் ஏற்கெனவே ஜிகினா ஒட்டியிருந்தது. உள்ளே படம் ஆரம்பித்துவிட்டது, சுவர் வழியாகத் தாய் எறும்பின் குரல் கேட்டது. தேனம்மை கையில் மெழுகை வைத்துக்கொண்டு நின்றாள். தூணைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

பிறகு அடைத்த ஓட்டையிலிருந்து ஒரு மெழுகுருண்டையை மெதுவாகப் பிடுங்கினாள். அடுத்தது. அதற்கடுத்தது.

"தள்ளாம வாங்க" என்றாள். "சத்தம் போட்டா வெளியே அனுப்பிருவேன். முயலெல்லாம் கீழ் ஓட்டை. மான் நடு வரிசை. யானை மேலே."

ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு கண் போய் ஒட்டிக்கொண்டது. மரங்கொத்திகள் தங்கள் கைவேலைக்கு வந்த மதிப்பைப் பார்த்துப் பூரித்துப்போயின. காடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளே ஆறு வந்தது. ஜம்புலிங்கம் இரண்டு பக்கமும் பார்த்தான். யாருமில்லை. முகத்தைப் பொத்திக்கொள்ளக்கூட இல்லை. வாய்விட்டு, குட்டி மாதிரி அழுதான். அப்படி ஓர் அழுகையை அவன் மேடைக்கு எதிரில் அழுததேயில்லை. சுவருக்கு வெளியே கொம்பையா மூக்கை உறிஞ்சினார்.

படம் முடிந்து பெயர்கள் ஓடி முடிவதற்குள் தேனம்மை எல்லாரையும் மரங்களுக்குப் பின்னால் விரட்டிவிட்டாள். கதவைத் திறந்தாள். ஜம்புலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"எனக்காக ஒரு படமே ஓட்டினீங்க. இந்த மனசு யாருக்கு வரும் தங்கச்சி?"

தேனம்மை தரையைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு சொல்லணும். இத்தனை வருஷத்துல இன்னிக்கு மாதிரி இருட்டு இருந்ததேயில்லை. ஒரு பொட்டு வெளிச்சம் வரலை. ஒரு ஓட்டைகூட விடாம அடைச்சிருக்கீங்க."

"ஆமாண்ணே" என்றாள் தேனம்மை. "நாளைக்கும் அடைச்சிடறேன்."

அவன் போன பிறகு டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து மறுபடி அழுதாள். ஆனால் அழுவதற்கு முன்னால் எழுந்து போய்க் கவுண்டர்ப் பலகையில் ஓட்டை இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். வனமோகினி டாக்கீஸ் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. கல்யாண மண்டபம் வேறு இடத்தில் கட்டிவிட்டார்கள்.

நீதி, கேட்டே தீருவேன் என்பவர்களுக்கு: ஒரு தியேட்டர் பிழைக்க உண்மையான ரசிகன் ஒருவன் போதும். அவனுக்கு மட்டும் விஷயம் தெரியக் கூடாது.